பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

ஆணுறுப்பின் மேற்புறத்தில் ஒரு நாள் திடீரென்று கெட்டியான கயிறுபோல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டால், அந்த ஆணுக்கு அன்று வேறு நினைப்பே ஓடாது. புற்றுநோயா, பால்வினை நோயா, இனி தாம்பத்தியமே இல்லையா என்று மனம் பதறும். அதே ஆணின் கெண்டைக்காலில் ஒரு சிவந்த தடம் தோன்றி, தொட்டால் வலித்தால், எங்கோ இடித்துக்கொண்டோம் போலிருக்கிறது என்று தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு இடங்களிலும் நடந்திருப்பது ஒன்றுதான். தோலுக்குச் சற்றே கீழே ஓடும் சிரைக்குள் ரத்தம் உறைந்து, அந்தச் சிரையின் சுவர் அழற்சி கண்டிருக்கிறது. ஆனால் முன்னது ஏறக்குறைய எப்போதும் தானாகவே ஆறிவிடும். பின்னது சிலருக்கு நுரையீரல்வரை போய் உயிரையே குடிக்கும். பயம் இருக்கிற இடத்தில் ஆபத்து இல்லை, ஆபத்து இருக்கிற இடத்தில் பயம் இல்லை. ஆண்களின் மேற்சிரை உறைவைக் கண்டறிவதிலும் மருந்து கொடுப்பதிலும் நேரும் தவறுகளில் பெரும்பங்கு இந்தத் தலைகீழ் நிலையிலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம். அதற்கான சான்றுகளைத்தான் இந்த அத்தியாயத்தில் எடுத்து வைக்கிறேன்.

முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம். 1939இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி மோந்தோர், மார்புச் சுவரில் தோலுக்கடியில் கயிறுபோல் புடைக்கும் சிரை அழற்சியை விரிவாக விவரித்தார். அந்த நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆணுறுப்பில் தனியாக வரும் இதே வகை உறைவை ஹெல்ம், ஹாட்ஜ் என்ற இருவர் 1958இல் பதிவு செய்தார்கள். இன்று மருத்துவர்கள் அதை ஆணுறுப்பு மோந்தோர் நோய் என்கிறார்கள். உறுப்பின் மேற்புறத் தோலுக்கடியில் நடுவாக ஒரு சிரை ஓடுகிறது. நீண்ட நேர அல்லது கடுமையான உடலுறவு, அடி, குடலிறக்க அறுவை போன்றவற்றால் அது இழுபட்டோ நசுங்கியோ போனால், உட்சுவர் சேதமாகி ரத்தம் அங்கேயே உறைகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தடிப்பு தெரியவரும். விறைப்பின்போது வலி கூடும். சிலருக்கு வலியே இராது, தடிப்பு மட்டும்தான்.

தேர்ந்த மருத்துவருக்கு இதைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். ஐயம் வந்தால் டாப்ளர் ஸ்கேன் தீர்த்து வைக்கும்: அழுத்தினாலும் சிரை அமுங்காது, உள்ளே ரத்த ஓட்டம் இராது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது பெய்ரோனி நோய். அதில் கெட்டியாவது சிரை அல்ல. விறைப்புத் திசுவைச் சுற்றியுள்ள உறை. அங்கே தழும்பு விழுந்து, விறைப்பின்போது உறுப்பு வளைகிறது. அதற்கான சிகிச்சையும் எதிர்காலமும் வேறு. ஆகவே இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். மோந்தோர் நோய்க்கு வேண்டியது வலியும் அழற்சியும் தணிய ஒரு மாத்திரை, வலி முற்றிலும் அடங்கும்வரை உடலுறவைத் தவிர்ப்பது, சில வாரப் பொறுமை. ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் பெரும்பாலோருக்குச் சிரை மீண்டும் திறந்துகொள்கிறது. வாரக்கணக்கில் விடாமல் தொல்லை தரும் அரிய நிலையில்தான் அறுவைப் பேச்சு வரும். ஆண்மைக்குறைவு நேராது, புற்றுநோயாக மாறாது, மனைவிக்குத் தொற்றாது. இந்த மூன்றையும் மருத்துவர் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். கேட்கக் கூச்சப்படும் நோயாளி தானாகக் கேட்கமாட்டார். சொல்லப்படாத பதிலின் இடத்தை ஏதோ ஒரு விளம்பர லேகியம் பிடித்துக்கொள்ளும்.

இனி கால். காலின் மேற்சிரைகளில் பெரியது பெருஞ் சஃபீனஸ் சிரை. கணுக்காலின் உட்புறம் தொடங்கி, முழங்காலையும் தொடையையும் கடந்து, கவட்டைக்கருகே தொடையின் ஆழ்சிரையில் சேர்கிறது. கெண்டைக்காலின் பின்புறம் ஏறும் சிறு சஃபீனஸ் சிரை, முழங்கால் மடிப்பில் ஆழத்துக்கு இறங்குகிறது. இவை தவிர, வழி நெடுகத் தசையைத் துளைத்துக்கொண்டு மேற்சிரையையும் ஆழ்சிரையையும் இணைக்கும் குறுக்குச் சிரைகளும் உண்டு. வாய்க்காலில் அடைந்த செத்தை, மடை திறந்திருந்தால் ஆற்றுக்கு வந்துவிடுவதுபோல, மேற்சிரையில் தொடங்கும் உறைவு இந்தச் சந்திப்புகள் வழியாக ஆழ்சிரைக்குள் வளரலாம். அங்கிருந்து ஒரு துண்டு பிய்ந்தால், இடுப்புச் சிரை, பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் என்று தடையில்லாத பாதையில் ஏறி நுரையீரல் தமனியை அடைக்கும். தோலுக்கு அருகில் இருப்பதால் மட்டும் ஒரு சிரை தனித் தீவு ஆகிவிடாது.

இது ஏட்டளவிலான கவலைதானே என்று கேட்கலாம். பிரான்சில் நடந்த போஸ்ட் ஆய்வு 2010இல் அதற்கு விடை தந்தது. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்தில் மேற்சிரை உறைவு கண்ட 844 பேரை அதில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்த அன்றே அவர்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தினருக்கு ஆழ்சிரை உறைவோ நுரையீரல் அடைப்போ இருந்தது. வெளியே தெரிந்த சிவந்த தடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால், நான்கில் ஒருவரிடம் பெரிய நோய் தவறியிருக்கும். முதல் நாளில் அப்படி எதுவும் இல்லாதவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், மூன்று மாதத்துக்குள் அவர்களிலும் பத்தில் ஒருவருக்கு உறைவு பரவியது, திரும்ப வந்தது அல்லது ஆழ்சிரைக்கோ நுரையீரலுக்கோ போனது. பெரும்பாலானோர் உறைதடுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே இந்த நிலை. யாருக்கு இப்படி நேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தபோது நான்கு அடையாளங்கள் மேலெழுந்தன: முன்பே ஆழ்சிரை உறைவு கண்டிருப்பது, புற்றுநோய் இருந்தது, நரம்புச் சுருட்டல் இல்லாமலே உறைவு வந்தது, ஆணாக இருப்பது.

கடைசி இரண்டும் நின்று யோசிக்க வேண்டியவை. மேற்சிரை உறைவு நரம்புச் சுருட்டல் உள்ள கால்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே காரணம் கண்முன்னே தெரிகிறது: வால்வுகள் பழுதாகி, ரத்தம் தேங்கி, சிரை பருத்துச் சுருண்டு கிடக்கிறது, தேங்கிய இடத்தில் உறைகிறது. சுருட்டல் இல்லாத, மேலுக்கு நல்ல சிரையாகத் தெரிகிற ஒன்றில் ரத்தம் உறைந்தால், தேக்கம் என்ற எளிய விளக்கம் அங்கே செல்லாது. ரத்தத்தின் உறையும் இயல்பே கூடியிருக்கலாம், சிரைச் சுவரை வேறொரு நோய் அரித்திருக்கலாம், உடலில் எங்கோ புற்று ஒளிந்திருக்கலாம். ஆக, தோற்றத்தில் கால் சுத்தமாக இருப்பது ஆறுதலுக்குரிய செய்தி அல்ல; விசாரிக்க வேண்டிய செய்தி.

ஆணாக இருப்பதே ஓர் ஆபத்துக் காரணி என்பதை ஒரே ஆய்வை வைத்து நம்பலாமா? ஆண்கள் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருவதால் எண்ணிக்கை அப்படித் தெரிகிறதோ என்று ஒருவர் ஐயப்படலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் சிரை உறைவு பற்றிய வேறு சான்றுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. முதல் ஆழ்சிரை உறைவுக்கு மருந்தை முடித்தவர்களைப் பல ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டின் அலசல் ஒன்றில், வெளிப்படையான தூண்டுதல் இன்றி உறைவு வந்தவர்களில், அது மீண்டும் வருவது பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பெண்களின் முதல் உறைவு பலநேரம் கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் காரணத்தால் வருவது, அது நீங்கினால் ஆபத்தும் நீங்குவது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகும் 1.8 மடங்கு எஞ்சியது. இவர்கள் எல்லோரும் தொடர் கண்காணிப்பில் இருந்தவர்கள். தாமதமாக வந்தார்கள் என்ற விளக்கம் இங்கே எடுபடாது. உடல் உயரமும் ஒரு பகுதிக் காரணமாகலாம். ராணுவச் சேர்ப்புக்கு வந்த 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் ஆண்களின் பதிவுகளை 2017இல் அலசியபோது, 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களின் சிரை உறைவு ஆபத்து, 190 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களைவிட 65 சதவீதம் குறைவாக இருந்தது. கால் நீள நீள, சிரையில் நிற்கும் ரத்தத்தூணின் உயரமும் அழுத்தமும் கூடுகின்றன. இந்த விளக்கம் ஏற்கக்கூடியது. ஆனால் முழுக் கதையும் இதுவே என்று நான் சொல்லமாட்டேன்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. போஸ்ட் ஆய்வில் இருந்தவர்கள் சிரை நோய் நிபுணர்களிடம் வந்து சேர்ந்தவர்கள். ஊர் மருத்துவரிடம் வரும் சாதாரண நோயாளியிடம் இவ்வளவு ஆபத்து இராது. எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பி, எல்லோருக்கும் உறைதடுப்பு ஊசி போட்டால் செலவும் ரத்தக்கசிவும்தான் மிஞ்சும் என்கிறார்கள் சிலர். முதல் பாதி உண்மை. டென்மார்க்கின் நாடளாவிய பதிவேட்டில் மேற்சிரை உறைவு கண்ட 10,973 பேரைப் பார்த்தபோது, முதல் மூன்று மாதத்தில் ஆழ்சிரை உறைவோ நுரையீரல் அடைப்போ கண்டவர்கள் 3.4 சதவீதம். பிரெஞ்சு ஆய்வில் முதல் நாளே காணப்பட்ட 25 சதவீதத்தைவிடக் குறைவு. ஆனால் அதே காலத்தில் பொதுமக்களுக்கு இருந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 70 மடங்கு. குறைவு என்ற சொல்லை எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

மருந்தைப் பற்றிய மறுப்புக்கு கலிஸ்டோ ஆய்வைப் பார்க்க வேண்டும். 2010இல் வெளியான அதில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத மேற்சிரை உறைவுள்ள ஏறத்தாழ 3,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 2.5 மில்லிகிராம் ஃபோண்டாபரினக்ஸ் ஊசியும் மறுபிரிவுக்கு வெறும் ஊசியும் 45 நாட்கள் போட்டார்கள். இறப்பு, நுரையீரல் அடைப்பு, ஆழ்சிரை உறைவு, பரவுதல், திரும்ப வருதல் எல்லாம் சேர்ந்து வெறும் ஊசிப் பிரிவில் 5.9 சதவீதம், மருந்துப் பிரிவில் 0.9. பெரிய ரத்தக்கசிவு இரு பிரிவிலும் ஒவ்வொருவருக்கு மட்டுமே. ஆகவே ரத்தக்கசிவு அச்சம் இந்த அளவு மருந்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் ஆழ்சிரை உறைவையும் நுரையீரல் அடைப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டால், 1.3 சதவீதம் 0.2 ஆனது. ஒருவரைக் காக்க ஏறத்தாழ 88 பேருக்கு ஒன்றரை மாதம் தினமும் ஊசி. விலை கூடிய இந்த மருந்தை எல்லோருக்கும் எழுதித் தருவது வீண் என்பவர்களின் வாதம் இந்த எண்ணில்தான் நிற்கிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த ஆய்வில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்கள். மிகப் பெரும்பான்மையோருக்கு நரம்புச் சுருட்டல் இருந்தது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும், கவட்டைச் சந்திப்புக்கு மூன்று சென்டிமீட்டருக்குள் உறைவு வந்தவர்களும் சேர்க்கப்படவே இல்லை. அதாவது, அந்த 88 என்ற எண் ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்தவர்களிடமிருந்து கிடைத்தது. சுருட்டல் இல்லாத காலில் உறைவு கண்ட ஓர் ஆணுக்கு அடிப்படை ஆபத்தே கூடுதல் என்றால், அதே மருந்து அதே விகிதத்தில் ஆபத்தைக் குறைத்தாலும் அவருக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. எல்லோருக்கும் மருந்து என்பதும் யாருக்கும் வேண்டாம் என்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டும் நோயாளிகளைப் பிரித்துப் பார்க்க மறுக்கின்றன. அப்படிப் பிரிப்பதற்கு ஸ்கேன் இல்லாமல் வழியில்லை. மேற்சிரை உறைவில் டி-டைமர் ரத்தப் பரிசோதனை நம்பத் தக்கதல்ல. ஆழத்தில் ஒன்றும் இல்லை என்று அது உறுதி சொல்லாது.

ஸ்கேன் என்றால் வலிக்கிற இடத்தில் மட்டும் கருவியை வைத்துவிட்டு எடுப்பது போதாது. கவட்டையிலிருந்து கணுக்கால்வரை மேற்சிரை, ஆழ்சிரை இரண்டையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். நல்ல சிரை கருவியின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும். உறைவு இருந்தால் ஆகாது. அறிக்கையில் மூன்று விவரங்கள் இருந்தாக வேண்டும்: உறைவின் நீளம் எவ்வளவு, அதன் மேல்முனை ஆழ்சிரைச் சந்திப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது, ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா. தோலில் தெரியும் சிவப்பை அளவுகோலாகக் கொள்ள முடியாது. சிவப்பு முழங்காலோடு நின்றிருக்கையில் உள்ளே உறைவு தொடைவரை ஏறியிருப்பதுண்டு.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. சிவந்து, சூடாகி, வலிக்கிற கால் என்றதும் அதைக் கிருமித் தொற்று என்று கருதி, மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். மேற்சிரை உறைவில் காணும் அழற்சி பெரும்பாலும் கிருமி இல்லாதது; ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலை இல்லை. ஊசிக்குழாய் குத்திய இடத்தில் சீழ் வைத்து, குளிர் காய்ச்சலோடு வரும்போதுதான் கதை வேறு. ஐந்து நாள் மாத்திரையில் சிவப்பு தானாகத் தணிந்துவிட்டால், மருந்துதான் குணமாக்கியது என்ற நம்பிக்கை வேரூன்றும். அந்த ஐந்து நாளும் உறைவு மேலே ஏறுகிறதா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் கூடாது. படுத்த படுக்கையாய்க் கிடப்பதும் வேண்டாம். நடப்பது நல்லது, ஏனென்றால் கெண்டைத்தசை சுருங்கும்போதுதான் காலின் சிரை ரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

ஸ்கேன் முடிவு கையில் இருந்தால் சிகிச்சை ஓரளவு தெளிவாகிவிடும். சுருட்டலுள்ள சிரையில், சந்திப்புக்குத் தொலைவில், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த உறைவு என்றால், அழற்சி தணிக்கும் மாத்திரை, ஹெப்பாரின் கலந்த களிம்பு, நடை, ஒரு வாரம் பத்து நாளில் மறு ஸ்கேன். களிம்பு வலியைக் குறைக்கும். உறைவு ஆழத்துக்குப் போவதைத் தடுக்கும் என்று அதை நம்பியிருக்கக் கூடாது. நீளம் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால், தடுப்பு அளவில் உறைதடுப்பு மருந்து 45 நாட்கள். ஊசிக்குப் பதில் நாளுக்கு 10 மில்லிகிராம் ரிவரோக்ஸபான் மாத்திரை போதுமா என்று ஜெர்மனியில் 472 பேரிடம் சோதித்த சர்ப்ரைஸ் ஆய்வு, 2017இல் அது ஊசிக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. மாத்திரை என்பதால் 45 நாளும் விடாமல் எடுப்பது எளிது. மேல்முனை சந்திப்புக்கு மூன்று சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால், பெயர் மேற்சிரை உறைவாக இருந்தாலும் சிகிச்சை ஆழ்சிரை உறைவுக்கு உரியதுதான்: முழு அளவு மருந்து, பொதுவாக மூன்று மாதம். உறைதடுப்பு மருந்து எடுக்கும்போது வலிமாத்திரையைத் தன்னிச்சையாகச் சேர்த்துக்கொள்வது ரத்தக்கசிவை வரவழைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையுமே மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. அழற்சி முழுதும் அடங்கிய பிறகு, சுருட்டலுக்கு லேசர் போன்ற சிகிச்சை செய்துகொண்டால் உறைவு திரும்புவது குறையும்.

எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு ஸ்கேன் விடை சொல்லும். ஏன் என்ற கேள்விக்குச் சொல்லாது. ஓரிடத்தில் ஆறி, வேறிடத்தில் முளைத்து, காலிலிருந்து கைக்கு என இடம் மாறி மாறி வரும் உறைவு தனி எச்சரிக்கை. பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூசோ, இப்படி வரும் சிரை உறைவுக்கும் உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1865இல் எடுத்துரைத்தார். இரண்டே ஆண்டில் தன் கையிலேயே அத்தகைய உறைவைக் கண்டு தன் நோயை ஊகித்தார். 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அப்படியானால் மேற்சிரை உறைவு கண்ட எல்லோருக்கும் உடல் முழுக்கப் புற்றுநோய்ச் சோதனை செய்ய வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சுருட்டலுள்ள காலில் ஒருமுறை வந்த உறைவுக்குப் பின்னால் புற்றுநோயைத் தேடிப் போவது பணத்தையும் நிம்மதியையும் கெடுக்கும். காரணமின்றி வருவது, இடம் மாறுவது, உடல் மெலிவோடு சேர்ந்து வருவது ஆகியவற்றுக்கே அந்தத் தேடல் பொருந்தும். வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்பப் புண் வரும் இளைஞருக்குச் சிரை உறைவும் சேர்ந்து வந்தால் பெசெட் நோயை நினைக்க வேண்டும். ரத்தக்குழாய்களைத் தாக்குவதில் அது பெண்களைவிட ஆண்களிடம் கடுமையானது. அங்கே அடக்க வேண்டியது முதலில் அழற்சியை.

தெற்காசிய ஆண்களுக்கு மிக அருகில் உள்ள காரணம் இன்னொன்று: பர்கர் நோய். 1908இல் லியோ பர்கர் விரிவாக விவரித்த இந்த நோய், பெரும்பாலும் 45 வயதுக்குள் உள்ள புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருகிறது. கைகால்களின் சிறிய, நடுத்தரத் தமனிகளும் சிரைகளும் அழற்சி கண்டு உறைந்து அடைபடுகின்றன. பீடி அதிகம் புழங்கும் இந்தியாவில் இது மேற்கு நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று, பாதத்திலோ கெண்டைக்காலிலோ இடம் மாறி மாறித் தோன்றும் மேற்சிரை உறைவு. விரல் கறுத்து அழுகுவதற்கு முன்பே உடல் தரும் இந்தத் தகவலை, தைலம் தேய்த்து மறந்துவிடுகிறோம். நடந்தால் பாதம் வலிக்கிறதா, குளிரில் விரல் வெளுக்கிறதா, நகக்கண்ணில் ஆறாத புண் இருக்கிறதா, பீடி சிகரெட் உண்டா என்ற நான்கு கேள்விகளைக் கேட்கச் செலவு எதுவும் இல்லை. பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பதும் அப்படியே. உறைதடுப்பு மருந்தால் இந்த நோயின் போக்கு மாறுவதில்லை. புகையிலையை ஒட்டுமொத்தமாக விட்டவர்களில் மிகப் பலர் கால் இழக்காமல் தப்புகிறார்கள். தொடர்ந்து புகைப்பவர்களுக்கு விரலில் தொடங்கும் அறுவை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறுகிறது. நாளுக்கு ஓரிரண்டாகக் குறைத்தால் போதாது. வாயில் அடக்கும் புகையிலையும் நோயை உயிரோடு வைத்திருக்கப் போதுமானது. ஆகவே முப்பது வயது பீடிக்காரர் ஒருவர் காலில் சிவந்த தடத்தோடு வந்தால், அன்றைய மருந்துச்சீட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது மாத்திரையின் பெயர் அல்ல, பீடியை விடுவதற்கான ஏற்பாடு: யாரிடம் ஆலோசனைக்குப் போவது, எந்தத் தேதியில் நிறுத்துவது, அடுத்த மாதம் எந்த நாளில் வந்து காலைக் காட்டுவது.